பேக்கில் ஆடுகிறவனுக்குப் பெரிய கிளப்பில் இடம் உண்டா? மால்டினியின் 25 சீசன்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்திலிருந்து, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டே ஃபுட்பால் ஆடும் ஒரு தம்பி கேட்டிருக்கிறான்: "இவ்வளவு நாள் ஃபார்வர்டா ஆடினேன். புதுசா வந்த கோச் என்னை லெஃப்ட் பேக்கில் போட்டுட்டார். நான் வலது கால் ஆட்டக்காரன், இடது பக்கம் நின்னு என்ன செய்ய? கோல் அடிக்காத ஆளை எந்த கிளப் எடுக்கும்? பேக்கா ஆடியே பெரிய கிளப்பில் நிலைச்சவங்க உண்டுமா, அவங்க எப்படி ஆடினாங்க?"

உண்டு தம்பி. பல பேரைச் சொல்லலாம். ஆனால் பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கு நாலு வரி சொல்வதைவிட ஒரே ஒருத்தரைப் பற்றி முழுசாகச் சொல்வதுதான் உனக்குப் பயன்படும். அவர் பாவ்லோ மால்டினி. இத்தாலிக்காரர். ஏ.சி. மிலன் கிளப்புக்கு மட்டுமே ஆடினார், 25 சீசன். அவரும் பிறவியில் வலது கால்காரர்தான். அவரையும் இடது பக்கம்தான் நிறுத்தினார்கள். உன் கோச் உன்னை எங்கே நிறுத்தியிருக்கிறாரோ அதே இடம்: லெஃப்ட் பேக், பின்வரிசையில் இடது ஓரம் நின்று தடுக்கிற வேலை.

அவரிடம் போவதற்கு முன்னால் நம் ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ ஏன் இப்படி மனசு உடைகிறாய் என்பது எனக்குப் புரிகிறது. நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று இரயுமன்துறை வரைக்கும், நம் கடற்கரையில் பந்து உதைக்காத பையன் கிடையாது. ஆனால் டூர்னமெண்ட் ராத்திரியில் மைக்கில் கமெண்டரி சொல்கிறவர் யார் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்? கோல் அடித்தவன் பெயரை. பேக்கில் நிற்கிறவன் பெயர் மைக்கில் வர வேண்டுமென்றால் அவன் பெனால்டி கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தப் போஸ்டிலேயே பந்தைத் தள்ளியிருக்க வேண்டும். இதைக் கேட்டு வளர்கிற பையனுக்கு பேக்கில் நிற்பது தண்டனை மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆடி வளர்கிறார்கள். செவன்ஸில் ஆஃப்சைடு, அதாவது எதிரணியின் கடைசி பேக்கைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்கிற விதி, கிடையாது. மைதானமும் சின்னது. கடல் ஒரு பக்கம் தின்றுகொண்டே வருகிறது, கருங்கல் தடுப்புச்சுவர் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், மிச்சமிருக்கிற மணலில்தான் ஆட்டம். அந்த மணலில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு மூன்று பேரைச் சுற்றிப் போகிற வித்தை தானாகவே வந்துவிடும். அதனால்தான் நம் கரையிலிருந்து, ஓரமாக ஏறி ஆடுகிற அருமையான விங்கர்கள் வருகிறார்கள். நாலு பேர் ஒரே வரிசையில் நின்று, ஒன்றாக முன்னேறி, ஒன்றாகப் பின்வாங்குகிற வேலையை மணல் கற்றுத் தராது. அதைப் பெரிய மைதானத்தில், ஆளைச் சேர்த்து வைத்து, ஒருத்தர் சொல்லிக் கொடுத்துத்தான் பழக வேண்டும். உன் கோச் அதைச் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்றால் நீ கொடுத்து வைத்தவன்.

சரி, மால்டினிக்கு வருவோம்.

1968 ஜூன் 26ஆம் தேதி மிலனில் பிறந்தார். அப்பா சேசரே மால்டினியும் அதே கிளப்பில் டிஃபென்டர், கேப்டன். 1963இல் லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2-1 என்று தோற்கடித்து, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது மிலன். அந்தக் கோப்பையை வென்ற முதல் இத்தாலியக் கிளப் அதுதான். அன்று கோப்பையைத் தூக்கிய கேப்டன் சேசரே. இப்படிப்பட்டவரின் மகன் அதே கிளப்பில் ஆட வந்தால் என்ன பேச்சு வரும் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் செயலாளர் மகன் டீமில் இருந்தாலே பேசுவார்கள்.

அந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் 1985 ஜனவரி 20ஆம் தேதி தொடங்கியது. உதினேசே கிளப்போடு வெளியூர் ஆட்டம். ஒருவருக்கு அடிபட, இடைவேளைக்குப் பிறகு 16 வயதுப் பையனை இறக்கினார் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம். ஆட்டம் 1-1. அந்த சீசனில் அவருக்குக் கிடைத்த ஒரே லீக் ஆட்டம் அதுதான். அடுத்த சீசனிலிருந்து அவர் வழக்கமான ஆள். பிறகு 2009 மே 31 வரைக்கும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. மொத்தம் 902 ஆட்டங்கள், அதில் இத்தாலிய லீக்கில் மட்டும் 647. ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் மட்டும் எட்டு முறை நின்றிருக்கிறார். லீக்கில் அவர் அடித்த கோல்கள் 29. கால் நூற்றாண்டில் 29 கோல். கோல் அடிக்காத ஆளை யார் எடுப்பார்கள் என்று கேட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன்.

ஆனால் கணக்கு முக்கியமில்லை. எப்படி ஆடினார் என்பதில்தான் உனக்கு வேண்டியது இருக்கிறது.

1987இல் மிலனுக்கு அரிகோ சாக்கி என்றொரு பயிற்சியாளர் வந்தார். அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் இல்லை. அதுவரை இத்தாலியில் டிஃபென்ஸ் என்றால் ஆளுக்கு ஆள் மார்க் செய்வது, பின்னால் ஒருத்தரை மிச்சப்படுத்தி வைத்து எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வது. சாக்கி அதை மாற்றினார். நாலு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், எதிராளியைப் பார்த்து மட்டும் ஓடக்கூடாது. பந்து எங்கே இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற நம் ஆள் எங்கே இருக்கிறான், எதிராளி எங்கே, காலி இடம் எங்கே, இது எல்லாவற்றையும் பார்த்து நகர வேண்டும். முன்னால் நிற்கிற ஃபார்வர்டுக்கும் கடைசி பேக்குக்கும் நடுவே 25 மீட்டர் அளவுதான் தூரம் இருக்க வேண்டும் என்பார். பந்தே இல்லாமல் பயிற்சி நடக்கும். பந்து இங்கே இருக்கிறது என்று அவர் கையைக் காட்டுவார், பதினோரு பேரும் அதற்கேற்ப நகர்வார்கள்.

சாக்கி சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தப் பயிற்சியில் என்ன பிரயோஜனம் என்று அவருடைய நட்சத்திரங்களுக்கே சந்தேகம். ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் போன்ற ஆட்கள். அவர் கோல்கீப்பரையும் நாலு பேக்கையும் ஒரு பக்கம் நிறுத்தினார். தாசோட்டி, பரேசி, கோஸ்தகுர்தா, மால்டினி. எதிரே குல்லிட், வான் பாஸ்டன் உட்பட பத்துப் பேர். உங்களுக்குக் கால் மணி நேரம், இவர்கள் ஐந்து பேரைத் தாண்டி ஒரு கோல் போடுங்கள், பந்து பறிபோனால் மறுபடி உங்கள் பாதியிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பலமுறை இதைச் செய்திருக்கிறார். பத்துப் பேரும் ஒரு முறைகூட கோல் போடவில்லை என்றார்.

நம் கரையில் இது புரியாத ஆள் இருக்கக் கூடாது. கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தவர்கள் ஒரே சீராக இழுத்தால்தான் மடி மூடும், ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் அந்த வழியே போய்விடும். நாலு பேக்குகள் ஏறி இறங்குவதும் அப்படித்தான். பரேசி கையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடந்தால் மற்ற மூன்று பேரும் அதே நொடியில் முன்னால் நகர்வார்கள், எதிரணி ஃபார்வர்ட் ஆஃப்சைடில் தனியாக நிற்பான்.

இந்தக் கூட்டத்தில்தான் மால்டினி வளர்ந்தார். 1989 ஐரோப்பிய அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை சொந்த மைதானத்தில் 5-0 என்று அடித்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்டேயாவ புக்கரெஸ்டை 4-0. அடுத்த வருடம் பென்ஃபிகாவை 1-0. பிறகு பயிற்சியாளராக ஃபாபியோ கபெல்லோ வந்தார். 1991-92 லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அடுத்த சீசனிலும் சேர்த்து 58 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 1993-94இல் 34 ஆட்டங்களில் மிலன் வாங்கிய கோல்கள் 15. அந்த சீசனில் அவர்கள் அடித்த கோல்களும் அதிகமில்லை, 36தான். பட்டம் மிலனுக்கு. பின்வரிசையே பட்டத்தை வாங்கித் தந்த சீசன் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இனி உன் வலது கால் பிரச்சினை. லெஃப்ட் பேக்கில் இடது கால்காரன்தான் நிற்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கோட்டோரமாக ஏறிப்போய் கிராஸ் போட அது வசதி, மறுப்பதற்கில்லை. தடுக்கிற வேலையில் வலது காலுக்கும் ஒரு வசதி இருக்கிறது. எதிரணி விங்கர் உன்னை எதிர்கொண்டு வரும்போது அவனுக்கு இரண்டு வழி: கோட்டோரமாக வெளியே போவது, அல்லது உள்ளே வெட்டி போஸ்டை நோக்கி வருவது. உள்ளே வருவதுதான் ஆபத்து. அப்படி அவன் வெட்டுகிற பக்கத்தில் உன் வலது கால் இருக்கிறது, உன் நல்ல கால். நீட்டினால் பந்து சிக்கும். அவன் வெளியே போக முயன்றால் கோடே உனக்குத் துணை. மால்டினி இதைப் பயன்படுத்தினார். கூடவே இடது காலையும் விடாமல் பழக்கினார், எது அவருடைய சொந்தக் கால் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு. ஆகவே உனக்கு இடது கால் இல்லை என்று மூக்கைச் சிந்தாதே. தினமும் பயிற்சி முடிந்து மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றும்போது, சுவரில் இடது காலால் மட்டும் பந்தை அடித்து வாங்கு. நம் ஊரில் கோயில் சுவருக்கா பஞ்சம்?

அவர் நிற்கிற விதத்தைக் கவனி. எதிராளிக்கு நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்கவே மாட்டார். பக்கவாட்டில், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே, முட்டி கொஞ்சம் மடங்கி, எடை முன்பாதத்தில். நேராக நின்றால் கால்களுக்கு நடுவே பந்து போய்விடும், திரும்பி ஓடவும் நேரம் பிடிக்கும். பக்கவாட்டில் நின்றால் இரண்டு வேலை நடக்கும்: ஓடத் தயாராக இருப்பாய், எந்தப் பக்கம் அவன் போகலாம் என்பதையும் நீயே முடிவு செய்வாய். நம் பையன்கள் செய்கிற பெரிய தவறு, பந்தைப் பார்த்ததும் பாய்ந்து காலை விடுவது. பார்க்க வீரமாக இருக்கும், சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். பந்து கிடைக்கவில்லை என்றால் நீ தரையில், அவன் போஸ்டுக்கு முன்னால். மால்டினி சறுக்கி டேக்கிள் போடுவதில் மன்னன். அந்த சறுக்கல் இப்போதும் பயிற்சி வகுப்புகளில் காட்டத்தக்கது. ஆனாலும் ஒரு முழு ஆட்டத்தில் அவர் அதை எத்தனை முறை பயன்படுத்துகிறார் என்று எண்ணிப் பார், ஆச்சரியப்படுவாய். பெரும்பாலும் பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றிருப்பார். பாஸ் கொடுக்கிறவனின் காலைப் பார்த்து, தன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, மறுபடி பந்து. இந்தத் தலைத் திருப்பல் அவரிடம் ஓயவே ஓயாது.

இதைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு ஆட்டம் பார்க்க முடியும் என்றால் 1994 மே 18ஆம் தேதி ஏதென்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார். எதிரே யோஹான் க்ரைஃப் பயிற்சியாளராக இருந்த பார்சிலோனா. ரொமாரியோ, ஸ்டொய்ச்கோவ் ஆகியோர் ஃபார்வர்டில். மிலனுக்கு ஸ்டாப்பர்கள், அதாவது பின்வரிசையில் நடுவே நிற்கிறவர்கள், இரண்டு பேருமே கிடையாது. பரேசிக்கும் கோஸ்தகுர்தாவுக்கும் தடை. பார்சிலோனா ஊதித் தள்ளிவிடும் என்றுதான் உலகமே நினைத்தது. கபெல்லோ என்ன செய்தார்? லெஃப்ட் பேக் மால்டினியை நடுவுக்குக் கொண்டுவந்து ஃபிலிப்போ கல்லியோடு ஸ்டாப்பராக நிறுத்தினார். இடது பக்கத்தில் இளைஞன் பனுச்சி. ரொமாரியோவுக்கு அன்று மூச்சு விட இடமில்லை. ஆட்டம் 4-0. கோல் போட்டது மசாரோ இரண்டு, சாவிசெவிச் ஒன்று, தெசாய்லி ஒன்று. எல்லோரும் சாவிசெவிச்சின் அந்த உயரப் பந்தைத்தான் பேசுவார்கள், அழகான கோல்தான். நீ அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆட்டம் முழுக்க மால்டினியை மட்டும் பார். பந்து எதிர்ப் பாதியில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், கல்லியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று பார். டிவியில் பந்தின் பின்னாலேயே கேமரா ஓடும், ஆனால் பழைய ஒளிபரப்பில் கோணம் கொஞ்சம் அகலம், பெரும்பாலும் தெரியும்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பக்கவாட்டிலும் நடுவிலும் ஒரே தரத்தில் ஆட முடிந்ததால்தான் மால்டினி இவ்வளவு வருடம் நிலைத்தார். இளமையில் வேகம் இருந்தபோது கோட்டோரம் ஏறி இறங்கினார். முப்பதைத் தாண்டி முழங்கால் தொந்தரவு கொடுக்கத் தொடங்கியபோது பெரும்பாலும் நடுவில் ஸ்டாப்பராக ஆடினார். 2002இல் லாசியோவிலிருந்து அலெசாந்த்ரோ நெஸ்தா வந்து சேர்ந்தார், இரண்டு பேரும் சேர்ந்து நின்ற அந்தச் சில வருடங்கள் பார்க்கக் கண் போதாது.

அவர் காலத்தில் விதிகளே மாறின, அதையும் சொல்ல வேண்டும். 1990இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள், கடைசிக்கு முந்தின ஆளோடு சமமாக நின்றால் குற்றமில்லை என்று ஆனது. 1992இல் பேக் பாஸ் தடை வந்தது. அதற்கு முன் நெருக்கடி வந்தால் பேக் பந்தைக் கோல்கீப்பரிடம் தட்டிவிடுவான், அவர் கையில் எடுத்துக்கொள்வார், அதோடு பிரச்சினை முடிந்தது. தடை வந்த பிறகு பேக்குக்கும் பந்து ஆடத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. 1998 உலகக் கோப்பையிலிருந்து பின்னாலிருந்து ஆளைச் சாய்க்கிற டேக்கிளுக்கு நேராக சிவப்பு அட்டை. பழைய முறையில் இடித்துத் தள்ளியே பேர் வாங்கியிருந்த பல பேக்குகள் இந்த மாற்றங்களில் காணாமல் போனார்கள். மால்டினியை ஒன்றும் செய்யவில்லை. அவர் இடிப்பதை நம்பி ஆடியவர் இல்லை.

இப்போது கசப்பான பக்கம். பேக்கின் வாழ்க்கையில் இது இல்லாமல் இருக்காது, மறைத்துச் சொன்னால் உன்னை ஏமாற்றியதாகும். இத்தாலிக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் அவருக்கு ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1990இல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாவது இடம். 1994 இறுதி ஆட்டத்தில் பிரேசிலைக் கோலே போடவிடாமல் 120 நிமிடம் நிறுத்தி வைத்து, பெனால்டியில் தோற்றார்கள். 2000இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பிரான்சிடம் கோல்டன் கோலில் தோல்வி, அதாவது கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவிடமும் கோல்டன் கோல், அதோடு நாட்டுக்காக ஆடுவதை நிறுத்தினார். நாலு வருடம் கழித்து, அவர் இல்லாத இத்தாலி உலகக் கோப்பையை வாங்கியது.

கிளப்பில் 2005 இஸ்தான்புல் இறுதி. லிவர்பூலோடு. முதல் நிமிடத்திலேயே ஃப்ரீ கிக்கில் வந்த பந்தை வலது காலால் அடித்து கோல் போட்டவர் யார் தெரியுமா, மால்டினிதான். இடைவேளைக்கு 3-0. இடைவேளைக்குப் பிறகு ஆறே நிமிடத்தில் மூன்று கோல் திரும்பி வந்தது, பெனால்டியில் கோப்பை போய்விட்டது. அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான கோல் தோற்ற ஆட்டத்தில் போய் விழுந்தது. இரண்டு வருடம் கழித்து 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார். 39 வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. நடுவே 2003இல், மான்செஸ்டரில் யுவென்டஸைப் பெனால்டியில் வென்றபோது அப்பா தூக்கிய அதே கோப்பையை 40 வருடம் கழித்து மகன், அதுவும் இங்கிலாந்து மண்ணிலேயே, கேப்டனாகத் தூக்கினார்.

விருதும் அப்படித்தான். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் வரிசையில் 1994இலும் 2003இலும் மூன்றாவது இடம். அவ்வளவுதான் கொடுத்தார்கள். அந்த விருதை வாங்கிய டிஃபென்டர்கள் பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், இன்றும் அது மாறவில்லை. ஆனால் கிளப் என்ன செய்தது என்று பார்: அவர் அணிந்த 3ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்துவிட்டது. அவருடைய மகன்களில் யாராவது மிலனின் முதல் அணிக்கு ஆடினால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். மகன் தானியேல் முதல் அணிக்கு வந்தார், ஆனால் அவர் நடுக்கள ஆட்டக்காரர், வேறு எண்ணில்தான் ஆடினார்.

இத்தாலி கிடக்கட்டும், நம்ம ஊரில் யார் என்று நீ கேட்பாய். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் உனக்குத் தெரியாமல் இருக்காது. சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் முன்னால் ஆடி, கோல் போட்டுப் பேர் வாங்கியவர். 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குப் போனபோது பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவரை இடது விங் பேக்கில் இறக்கினார். ஏறவும் வேண்டும், இறங்கி வந்து தடுக்கவும் வேண்டும். அந்த 2019-20 சீசனில் ஏ.டி.கே. இந்தியாவின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியாமல் போனது நம் கரைக்கே வருத்தம். ஆனால் உனக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கிறது: நம் மணலில் வளர்ந்த ஒரு முன்வரிசை ஆட்டக்காரரைப் பின்னால் இறக்கினார்கள், அவரும் அங்கே பட்டம் வாங்கினார்.

இந்தியாவின் ஸ்டாப்பர் என்றால் சண்டிகர்க்காரர் சந்தேஷ் ஜிங்கன். 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸில் வந்து, பிறகு ஏ.டி.கே. மோகன் பகான், 2021இல் குரோஷியாவின் சிபெனிக் கிளப், பெங்களூரு, கோவா என்று போனவர். நாட்டுக்கும் கேப்டனாக இருந்திருக்கிறார். அவர் ஆட்டத்தில் தைரியம் அதிகம், தலையைக் கொடுத்துத் தடுப்பார். மால்டினியிடம் முன்கூட்டிப் பார்ப்பதைக் கற்றுக்கொள், ஜிங்கனிடம் பெட்டிக்குள் வருகிற உயரப் பந்தை எப்படி முதலில் போய்த் தொடுவது என்பதைக் கற்றுக்கொள்.

ஐ.எஸ்.எல். வரைக்கும் எல்லோரும் போக முடியாது, அதுவும் உண்மைதான். ஆனால் நம் பக்கத்துப் பையன்களுக்கு ஃபுட்பால் எப்போதுமே ஒரு வேலைக்கான வழியாகவும் இருந்திருக்கிறது. சென்னை லீக்கில் இந்தியன் பேங்க், ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., வருமான வரி, சுங்கத்துறை என்று அலுவலக அணிகள் உண்டு. கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களால் பேர் பெற்ற ஊர். அங்கே உள்ளவர்களும் இப்படித்தான் ஏறினார்கள். இந்த அணிகள் ஆள் எடுக்கும்போது ஃபார்வர்டுக்கு ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பந்தையும் ஆட வருகிற, வாயைத் திறந்து பக்கத்து ஆளை நகர்த்தத் தெரிந்த ஒரு லெஃப்ட் பேக் கிடைப்பது கஷ்டம். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

வாயைத் திறப்பது என்றேன், அது விளையாட்டுப் பேச்சில்லை. நம் பையன்கள் கடலில் இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்துவார்கள், மைதானத்தில் மட்டும் ஊமை ஆகிவிடுவார்கள். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும். முன்னால் நிற்கிற நம் ஆளின் முதுகுக்குப் பின்னால் எதிராளி வந்தால் "மேன் ஆன்" என்று நீதான் சொல்ல வேண்டும். "ஏறு", "விடு", "கவர் இருக்கு", "என் பந்து" — இந்த நாலைந்து சொல்லும் சரியான நேரத்தில், தெளிவாக வந்தால் பாதி வேலை முடிந்தது. 1997இல் கேப்டன் பரேசி ஓய்வு பெற்ற பிறகு மால்டினி கேப்டன் ஆனார், கடைசி வரைக்கும் அவர்தான் கேப்டன்.

சத்து, உயரம், ஓட்டம் பற்றியெல்லாம் இப்போது கவலைப்படாதே. பத்தாம் வகுப்பில் உன் உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. முழங்காலையும் கணுக்காலையும் பார்த்துக்கொள். மணலில் ஆடிவிட்டு அப்படியே கட்டாந்தரையில் போய் ஆடாதே, இரண்டுக்கும் கால் வேறு மாதிரி பழக வேண்டும். வலி இருந்தால் கோச்சிடம் சொல், டூர்னமெண்ட் இருக்கிறது என்று மறைத்து ஆடாதே. படிப்பையும் விடாதே, மேலே சொன்ன அலுவலக வேலைகளுக்கு மார்க் ஷீட்டும் கேட்பார்கள்.

உடனே செய்ய வேண்டியது இது. நாளைக்குப் பயிற்சிக்குப் போனதும் கோச்சிடம் ஒரு கேள்வி கேள்: "சார், நான் விங்கரைப் பார்த்து ஏறும்போது எனக்கு யார் கவர்?" நீ விட்டுப்போன இடத்தை அடைக்க அவர் ஒரு ஸ்டாப்பரைக் காட்டுவார். அவன் யாராக இருந்தாலும், உனக்குப் பிடிக்காதவனாகவே இருந்தாலும், அவனோடு சேர்ந்து நில். பந்து இல்லாமல், கோச் கையைக் காட்டுகிற பக்கம் இரண்டு பேரும் ஒன்றாக நகர்ந்து பழகுங்கள். உங்கள் நடுவே எட்டுப் பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு அந்த ஏதென்ஸ் ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், அவன் கல்லியைப் பார்க்கட்டும், நீ மால்டினியைப் பார். பார்த்துவிட்டு சந்தேகம் வந்தால் எழுது, சொல்கிறேன்.